கருகிய ஈடு

சிங்மிங் திருநாளுக்கு இன்னும் மூன்று இரவு.
அதற்குள் பறித்த தளிருக்கு ஒரு விலை,
மறுநாள் பறித்ததற்குப் பாதி.
செடிக்கு இந்தக் கணக்கு தெரியாது.
சின்சாங் மலையில் எங்களுக்கு வேறு கணக்கு தெரியாது.

ஜியாங்ஷியிலிருந்து வந்த பதினொரு பெண்கள்
மூடுபனியில் ஏறிப் பறித்தார்கள்.
ஒரு மொட்டு, அதை ஒட்டி ஓர் இலை,
நகம் படாமல், மேல்நோக்கி இழுத்து.
மூங்கில் தட்டில் பரப்பியபோது பச்சைப் புல்லாய் மணந்தது.
பொழுது சாய்ந்ததும் ஏதோ பூவின் மணம்.
எந்தப் பூ என்று அவனிடம் கேட்டிருப்பேன்.
பேசி ஒன்பது நாளாகிறது.

அந்தப் பெண்களின் கூலிக்கு எடுத்துவைத்த பணத்தை
என்னிடம் ஒரு சொல் சொல்லாமல்
தம்பியின் லாரிக்குக் கொடுத்தான் பெய்லின்.
லாரி நிங்போ சாலையில் ஓடுகிறது.
நாங்கள் இங்கே, ஒரே கொட்டகையில்,
முழங்கை உரசும் தூரத்தில் இரண்டு சட்டிகள்.
முதல் சூடு அவனுடையது.
இரண்டாம் சூடு என்னுடையது.

முதல் சட்டி இருநூறு டிகிரி தாண்ட வேண்டும்.
மெழுகுக் கட்டியை ஒரு சுற்றுத் தேய்த்து
புகை அடங்கும்வரை நின்று
இரண்டு கை அள்ளிப் போட்டால்
எள் வெடிப்பதுபோல் சடசடக்கும்.
சடசடக்காவிட்டால் அது வறுவல் இல்லை, வேக்காடு.
கையுறை கிடையாது.
கைக்கும் இரும்புக்கும் நடுவே இலை இருக்கிறது, அவ்வளவுதான்;
அதை மறந்தால் கொப்புளம்.

அள்ளி உதற வேண்டும், ஆவி போக.
பிறகு சட்டியின் சரிவில் சாய்த்துத் தேய்த்து அழுத்த வேண்டும்.
ஈரத்தில் அழுத்தினால் கறுக்கும்,
காய்ந்தபின் அழுத்தினால் நொறுங்கும்.
நடுவில் ஒரு பதம் உண்டு,
அதைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது.

கால் மணி நேரத்தில் கொட்டித் துணி போட்டு மூடுவான்.
காம்புக்குள் ஒளிந்த ஈரம்
ஒரு மணி நேரத்தில் தானாக இலை நுனிக்கு வரும்.
அப்புறம் என் சட்டிக்கு.
ஒன்பது நாளாக அவனிடமிருந்து எனக்கு வருவது இது ஒன்றுதான்:
அவன் கை தட்டையாக்கிய இலை.
செவ்வாயன்று அழுத்தம் அதிகம்.
நேற்று ஓரங்கள் நெளிந்திருந்தன.
நான் எல்லாவற்றையும் படித்தேன், பதில் எழுதவில்லை.

நள்ளிரவு தாண்டி
அவன் சட்டியிலிருந்து வறுகடலை வாசம் வந்தது.
அது நல்ல வாசம்.
அடுத்த மூச்சில் அது நல்ல வாசமாக இல்லை.
அவன் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்,
சட்டியை அல்ல.
வாயைத் திறக்காமல் எண்ணினேன்.
எட்டுவரை எண்ணினேன்.
"கருகுது."

அள்ளினான், கொட்டினான்.
தளிரெல்லாம் கரும்புள்ளி, அம்மை போட்டதுபோல்.
எத்தனை ஆயிரம் விரல் அசைவுகள் என்று
இருவருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.
விற்கவும் முடியாது,
வீசவும் கை வராது.

சட்டிகளை அணைத்தான்.
இரண்டாம் சூடு காணாத அந்த ஈட்டை
இரண்டு கண்ணாடிக் குவளையில் போட்டு வெந்நீர் ஊற்றினான்.
இலைகள் நிமிர்ந்து நின்றன,
ஒன்றிரண்டாக இறங்கின,
ஒன்று மட்டும் மேலேயே மிதந்தது.
குடித்தேன்.
அடிப்பிடித்த சோற்றின் பொறுக்கு,
சுரண்டித் தின்போமே, அந்த ருசி.

"லாரி வாடகை வெள்ளிக்கிழமை வரும்" என்றான்.
"வந்தால் முதலில் அவர்களுக்கு" என்றேன்.
தலையாட்டினான்.
எட்டு எண்ணியதை நான் சொல்லவில்லை.

சட்டியை மறுபடி சூடாக்கி
துணிக்கடியில் காத்திருந்ததை எடுத்தேன்.
இது மெல்லிய சூடு, தாய்ப்பால் மயிர்போல்
மொட்டின் வெள்ளைப் பூனைமுடி உதிரும்வரை.
நாலு கூடை பச்சை ஒரு கூடையாக வற்றும்வரை.
ஒரு காம்பை எடுத்து ஒடித்தேன்.
டக்.

வெளியே தகரத்தில் சொட்டுச் சொட்டாக ஏதோ.
மழையென்றால் நாளைக்குப் பறிப்பு இல்லை,
இரண்டு இரவுதான் மிச்சம்.
மழையா என்று பார்க்க
அவன் கதவுவரை போனான்.
போனவன் அங்கேயே நின்று
"ஆமாம்" என்றான்,
நான் இன்னும் கேட்காததற்கு.