இருபத்தொரு வாட்

டிரம்மைக் கழற்றிக் கவிழ்த்தார் இனாயத்.
"பாருங்க சிஸ்டர், வெறும் பவுடர்."
கறுப்புத் தூள். விரலில் எடுத்துத் தேய்த்தேன்.
இத்தனை வருஷம் இந்த வண்டி நின்ற நிற்பெல்லாம்
இப்படி உதிர்ந்து கிடந்திருக்கிறது.

எழுபத்திரண்டாம் வருஷத்துப் பியட்.
அதன் ஒவ்வொரு போல்ட்டின் ஜாதகமும்
தீர்த்தகிரிக்கு மனப்பாடம்.
"டிஸ்க் போட்டா ஒரிஜினல் போயிடும்" என்று
ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
விபத்துப் பிரிவில் பதினோரு வருஷம்.
ரிஜிஸ்டரில் 'இடம்' என்ற கட்டத்தில்
தொப்பூர், தொப்பூர் என்று எழுதி எழுதி
என் கையெழுத்தில் 'தொ' மட்டும் அழகாகிவிட்டது.
ஒரிஜினலாக யாரும் அங்கே வந்து படுத்ததில்லை.
என் பி.எஃப். லோன். என் முடிவு.

ஓசூர் காயலான் கடையில்
அடிபட்ட மாருதி ஒன்றின் முன் டிஸ்க்குகள்.
பழையபேட்டை லேத்தில் கடைந்த பிராக்கெட்.
ரெண்டு அறை வைத்த மாஸ்டர் சிலிண்டர்.
"பழசுல ஒரே ரூமு.
எங்க ஒழுகுனாலும் நாலு வீலும் கைவிரிச்சிடும்.
இதுல ஒண்ணு கோவிச்சுக்கிட்டாலும்
இன்னொண்ணு புடிக்கும்."
தீர்த்தகிரி என்னைப் பார்த்தார்.
நான் ஸ்பேனரைப் பார்த்தேன்.

காற்றெடுக்க ஆள் வேண்டுமென்று
என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள்.
அடியிலிருந்து குரல் மட்டும் வரும்.
"மிதிங்க."
மிதித்தேன்.
"அப்படியே புடிங்க."
பிடித்தேன்.
டியூபில் குமிழ் குமிழாக ஏதோ போகும் சத்தம்.
"விடுங்க."
டிரிப் லைனில் ஒரு குமிழைக் கண்டால்
சுண்டாமல் நகராத விரல் என்னுடையது.
காலால் குமிழ் விரட்டுவது இதுதான் முதல் தடவை.
பழைய சோறு மாதிரி அமுங்கிய பெடல்
நாற்பதாவது மிதியில்
போதும் என்று எதிர்த்து நின்றது.

ஞாயிறு காலை. பாளையம் டோல் தாண்டி இறக்கம்.
நியூட்ரலில் போகாதே என்று
நாலு மொழியில் கெஞ்சும் ஒலிபெருக்கி.
முன்னால் போன லாரிகள் விட்டுப்போன
லைனர் கருகும் வாசனை.
நான்தான் ஓட்டினேன், மூன்றாம் கியரில்.
வளைவு திரும்பியதும் ரோட்டின் நடுவே
எவனோ தவறவிட்ட தார்ப்பாய்,
ஒரு ஆள் படுத்திருக்கிற மாதிரி.

மிதித்தேன்.

இடம் வலம் இழுக்கவில்லை. அலறவில்லை.
உட்காரச் சொன்ன பிள்ளை மாதிரி நின்றது.
"அடேயப்பா" என்று ஆரம்பித்த தீர்த்தகிரி
முடிக்கவில்லை.
பின்னால் இரும்பு கிறீச்சிட்டது.
கண்ணாடி முழுக்க ஒரு முருகன்,
வேலோடு, எலுமிச்சை மாலையோடு,
பெரிதாகிக்கொண்டே வந்து
ஒரு முழம் தள்ளி நின்றார்.

டிரைவர் குதித்து இறங்கினான்.
அவன் கைலி நடுங்கியது.
"ஏம்மா, நிக்கிறதுன்னா சொல்லிட்டு நிக்க மாட்டியா?
பின்னாடி லைட்டே எரியல!"

தார்ப்பாயை ஓரமாக இழுத்துப் போட்டபோதுதான்
தீர்த்தகிரிக்கு முகம் வெளுத்தது.
கழற்றிய ஒரிஜினல் எல்லாவற்றையும்
தினத்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கி
பீரோ மேல் வைத்திருந்தார்.
அதற்குள், பழைய சிலிண்டரின் மூக்கிலேயே,
பித்தளையில் ஒரு சின்ன சுவிட்ச்:
அழுத்தம் வந்தால் விளக்குக்குச் சொல்வது.

இனாயத் மூன்று தடவை நெற்றியில் அடித்துக்கொண்டார்.
புது லைனில் ஒரு டீ ஜாயிண்ட். பழைய சுவிட்ச்.
இருபத்தொரு வாட் பல்பு இரண்டு,
ஒன்று இருபத்தைந்து ரூபாய்.

முடியும்போது இருட்டிவிட்டது.
இப்போது அவர் உள்ளே, நான் பின்னால்.
"மிதிங்க" என்றேன்.
எதிர்க் கடையின் ஷட்டர் முழுக்கச் சிவந்தது,
அதில் சாய்ந்து தூங்கிய நாயும்.
"விடுங்க."
இருட்டு.
"எரியுதா?" என்று கேட்டார்.
நான் உடனே சொல்லவில்லை.
இன்னொரு தடவை மிதிக்கட்டும்.