இருபத்தொன்பதாம் தேதி

பைசாந்தூவில், ஆற்றுக்கு முதுகு காட்டி நின்ற வீட்டில்
மாதம் இருபத்தொன்பது என்றால் உருளைக்கிழங்கு ஞோக்கி.
தட்டுக்குத் தட்டு அடியில் ஒரு நாணயம்;
அடுத்த மாதம் கையில் காசு புரளுமாம்.
தின்று முடிக்கும்வரை தொடக் கூடாது.
நெலிடா அக்கா முழங்காலால் மேசையை ஆட்டி
கிணுங்குகிறதா என்று கேட்டுக்கொள்வாள்.

செவ்வாய் வேறு.
இறைச்சி ஆலையிலிருந்து அப்பா
செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவரும் மாட்டுக்குடல்.
மெல்ல மெல்ல
ஈரத் துண்டைக் கடிப்பதுபோலவே இருக்கும்.
"விழுங்கு, வால்டெமார்."
கன்னத்தில் ஒதுக்கி, இருமுவதுபோல் குனிந்து
துராஸ்னோவின் சூடான வாய்க்குள் தள்ளுவேன்.
அந்த நாய்க்குக் கிழமை தெரியும்.

ஆலையை மூடிய குளிர்காலத்தில் குடல் நின்றது.
நான் வேண்டிக்கொண்டதுதான்.
செவ்வாயும் சூப்பு, புதனும் சூப்பு.
மேசைக்கடியில் என் தொடைமேல் தாடையை வைத்து
துராஸ்னோ என்னையே பார்த்தது,
நான்தான் எதையோ ஒளித்துவைத்திருப்பதுபோல.

அந்த இருபத்தொன்பதுக்கும் ஞோக்கி உண்டு,
கிழங்கு குறைவு, மாவு அதிகம்.
ஜன்னலில் ஆவி. நாலு தட்டு.
அக்கா பழக்கத்தில் மேசையை ஆட்டிவிட்டாள்.
சத்தம் வந்தது,
என் தட்டிலிருந்து மட்டும்.

அப்பா உப்பைக் கேட்டார்.
உப்பு அவர் கைப்பக்கத்திலேயே இருந்தது.