இருபது கிலோ இரும்பு

காலையில் முதல் வேலை இதுதான்.
தராசைத் தரையில் வைத்து
அதன்மேல் இருபது கிலோ இரும்புக்கட்டியை ஏற்றுவேன்.
இருபது என்று காட்டினால்
அன்றைக்கு அதை நம்பலாம்.
இரும்பு சாப்பிடுவதில்லை.

ஹாபாய் தீவுகளில் பதினோரு ஊர் எனக்கு.
ஐந்து வருடத்துக்கு முன் ஏறி இறங்கிய அதே வீடுகள்,
அதே படிவம், மேலே அச்சிட்ட வருடம் மட்டும் வேறு.
படகில் தராசை மடியில் வைத்துக்கொள்வேன்.
அலை தூக்கிப் போடும்போதெல்லாம்
கடலின் எடையையும் சொல்லிவிடப் பார்க்கும்.

ஃபெஹோகோ விடியுமுன் கடலுக்குப் போய்த் திரும்பியிருந்தான்.
சூரை மீன்கள் ஐஸ்பெட்டியில்.
மதியப் படகில் தலைநகரம்,
அங்கிருந்து விமானம்,
யாரோ எங்கோ அதைக் குச்சியால் எடுத்துத் தின்பார்கள்.
அந்தக் காசில் அவன் வாங்கி வைத்திருப்பது
அட்டைப்பெட்டி நிறைய உறைந்த ஆட்டு விலாக்கொழுப்பு.
‘இதை அனுப்புகிறவர்கள் நாய்க்குப் போடுவார்களாம்.’
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.
‘மீன் நமக்குக் கட்டுப்படியாகாது.’
கேள்வி பதினான்கு:
வாரத்தில் எத்தனை நாள் மீன் உண்கிறீர்கள்?
பிடிப்பதைப் பற்றிக் கேள்வி இல்லை.
ஒன்று என்று எழுதினேன்,
அதுவும் டப்பாவில் வருவது.

போதகர் வீட்டில் என்னைச் சாப்பிடவைத்தார்கள்.
சேம்பிலையில் பொதிந்து சுட்ட இறைச்சி,
தேங்காய்ப்பால் முழங்கைவரை வழிகிறது.
கை நனைக்காமல் எழுந்தால்
அடுத்த முறை கதவு திறக்காது.
எல்லாரும் அவரைக் கனம் போதகர் என்கிறார்கள்.
தராசும் அதையே சொன்னது.

சமிசோனி ஒற்றைக் காலில் ஏறி
என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
சர்க்கரை. இரண்டு வருடமாகிறது.
என் எடையையும் சேர்த்து எழுதிவிடாதே என்றார்.
கையேட்டில் இதற்கு ஓர் அட்டவணை உண்டு:
முழங்காலுக்குக் கீழே இல்லையென்றால்
இவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும்.
கூட்டினேன்.
போன காலையும் நிறுத்து எழுதினேன்.

கடைசி வீடு லோசெலினேயுடையது.
அவள் இடுப்பில் பாய் கட்டியிருந்தாள்.
தேவாலயத்துக்கும் சாவுக்கும்
அரசாங்கக் காரியத்துக்கும் கட்டுகிற பாய்.
நான் அரசாங்கக் காரியம்.
இடுப்பளவு வேண்டும், ஆனால்
பாயை அவிழ் என்று எந்த வாயால் சொல்வது?
நான் நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றேன்.
அவளே அவிழ்த்தாள்.
கட்டியிருந்த கயிற்றில் இரண்டு முடிச்சு.
முதலில் தென்னை நார், அது அவள் கல்யாணத்துக்குத் திரித்தது.
பிறகு படகிலிருந்து அறுத்த நீல நைலான்.
பிறகு பூப்போட்ட ஏதோ ஒரு பாவாடையின் கரை.
‘பாய் அப்படியேதான் இருக்கிறது’ என்றாள்.

என் நாடா நூற்றைம்பதில் தீர்ந்துபோனது.
இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சாண் வயிறு,
மூச்சு வாங்கிக்கொண்டு.
கயிற்றையே சுற்றி, விரலால் அடையாளம் பிடித்து,
தரையில் நீட்டி அளந்தோம்,
இருவரும் மண்டியிட்டு,
துணிக்கடையில் சண்டை போடுகிறவர்களைப் போல.
அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
எனக்கும்தான்.

இரவு தலைநகரத்திலிருந்து செய்தி:
உங்கள் தீவுகளின் விகிதம் சென்ற முறையைவிட மிக அதிகம்,
கருவியைச் சரிபார்க்கவும்.
சரிபார்த்தேன். இருபது.
நான் ஏறினேன். நம்பவில்லை.
இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி
இருபதைக் கழித்தேன்.
அதே எண்.
தராசின் மேலிருக்கும் இரும்பைப் படமெடுத்து அனுப்பிவைத்தேன்,
என்னை அனுப்பவில்லை.

பையை மூடும்போது பார்க்கிறேன்,
நாடாவோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்
லோசெலினேயின் கயிற்றை.
நாளை ஞாயிறு. படகு ஓடாது.
எதைக் கட்டிக்கொண்டு தேவாலயம் போவாள்?

வெகுநேரம் அது கையிலேயே இருந்தது.
பிறகு விளக்கை அணைத்துவிட்டு
என் இடுப்பைச் சுற்றிப் பார்த்தேன்.
இருட்டிலும் விரலுக்குத் தெரிந்தது.
நார் முடிந்து
நைலான் தொடங்கியிருந்தது.