காலையில் பாலை, மாலையில் நெய்தல்

சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது.
தமிழம்மா எழுதியதென்று பார்த்ததுமே தெரியும்.
கீழே ஆபீஸ் கிளார்க் சேர்த்தது:
மதியம் புளியோதரை. தலைக்கு முந்நூற்றைம்பது.

பரிமாற்ற மாணவிகள் பதினொரு பேர்,
பார்மரிலிருந்து ரயில் மாறி ரயில் மாறி வந்தவர்கள்.
எனக்கு விழுந்த சீட்டில் சுகன் கன்வர்.
சுகன் என்றால் எங்கள் செல்லூரில் பையன் பெயர்.
தம்பி அதற்கே இரண்டு நாள் சிரித்தான்.

ஒரு வாரமாய் அவளுக்கு நான் கடல் சொன்னேன்.
அலை வந்து திரும்பும்போது
காலுக்கடியில் மண்ணை உருவும்,
உதட்டில் உப்பு உட்காரும்,
தூரத்துக் கப்பல் எறும்பு மாதிரி நிற்கும்.
எனக்கு அவள் மணல்மேடு சொன்னாள்.
ராத்திரிக் காற்றில் மேடு எழுந்து நடக்கும்,
விடிந்து பார்த்தால் வேறு வாசலில் படுத்திருக்கும்.
அவள் இந்தி, நான் தமிழ்,
நடுவே இருவரையும் பாஸ் போடாத இங்கிலீஷ்.

நாலரைக்குக் கிளம்பிய பஸ்
மானாமதுரைக்கு முன்னாலேயே பெருமூச்சுவிட்டு நின்றது.
முத்திருளாண்டி அண்ணன் பானட்டைத் தூக்கினார்.
ஆவிக்குள் அவர் முகம் காணாமல் போனது.
"ஹோஸ் போச்சு டீச்சர். தண்ணி பூரா ரோட்டுல."
ரெக்ஸ்லின் டீச்சர் வாட்சைப் பார்த்தார்,
சுற்றறிக்கையைப் பார்த்தார்,
கருவேல மரங்களுக்கு அப்பால்
வெள்ளையாய்க் கிடந்த வைகையைப் பார்த்தார்.

இறங்கினோம்.

ஆடிக் காற்று
அம்மியை விட்டுவிட்டு எங்கள் துப்பட்டாக்களைப் பிடித்தது.
கண்ணில் மணல், காதில் மணல், புளியோதரையில் மணல்.
"பாலைவனத்துப் பொண்ணு, நீ முன்னாடி நட,"
என்றாள் பாண்டிமீனா.
எல்லோரும் சுகனின் காலடியில் கால் வைக்கத் தயாராக நின்றோம்.
நாலாவது எட்டில் அவள் கணுக்கால்வரை புதைந்தாள்.
செருப்பு வார் அறுந்தது.
என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு
அறுந்த வாரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் வந்தார், ஹோஸை மாட்டினார்,
தண்ணீர் கேட்டார்.
குடிக்க வைத்த கேனைத் தர டீச்சருக்கு மனசில்லை.
தோண்டினோம்.
முதலில் ஒரு பாட்டில் மூடி,
அப்புறம் சாமிக்குச் சுற்றிய மஞ்சள் கயிறு,
முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது.
பிறகு
பக்கவாட்டிலிருந்து, வியர்க்கிற மாதிரி,
வந்தது.
சுகன் குப்புறப் படுத்து
குழிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.
அவள் ஊரில் தண்ணீர் லாரியில் வரும்,
புதன்கிழமை, வந்தால்.
டம்ளர் டம்ளராய் மொண்டு ஒரு வாளி நிரம்புமட்டும்
அவளை யாரும் எழுப்பவில்லை.

பஸ் உறுமியபோது மூன்றே முக்கால்.
கடலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
எட்டுக்குள் வீட்டில் விடுவதாக டீச்சர் கையெழுத்துப் போட்டிருந்தார்.
பஸ் மதுரைப் பக்கம் திரும்பியது.
ஷீபா மட்டும் அழுதாள்,
அதுவும் புதுத் துண்டு வாங்கியதற்காக.

விரகனூர் விளக்குகள் வந்தபோது
சுகன் கேட்டாள்:
அலை நிஜமாகவே காலுக்கடியில் மண்ணை உருவுமா?
தெரியாது, என்றேன்.
நான் பார்த்ததில்லை.
அப்பாவின் தறிக்கு லீவு கிடையாது.
நான் சொன்ன கடலெல்லாம்
சித்தி மகள் போனில் ஓடியது.

தெப்பக்குளம் தாண்டும்வரை அவள் பேசவில்லை.
பிறகு விரல்விட்டு எண்ணி எண்ணிச் சொன்னாள்:
எங்கள் ஊர் கல்லும் முள்ளும்.
இதே கருவேலம்.
மணல்மேடு இன்னும் நூறு கிலோமீட்டர் தள்ளி,
ஒட்டகத்துக்குக் காசு கொடுப்பவர்கள் போகிற இடம்.
காலண்டரில் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் சிரித்த சிரிப்பில்
முன் சீட்டிலிருந்து, "என்ன அங்க சத்தம்?"

வீட்டில் அம்மா எங்கள் உடுப்பை உதறினாள்.
துவைகல்லில் மணல் ஒரு கைப்பிடி விழுந்தது.
குனிந்து தொட்டுப் பார்த்தாள்.
அவளும் பார்த்ததில்லை.
"கடல் மண்ணாடி?"

நான் வாயைத் திறக்குமுன்
தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் ஒன்றை எடுத்து
சுகன் முந்திக்கொண்டாள்:
"ஆமாம்மா."