முள்

இரவுப் பள்ளியில் தாள் கொடுத்தார்கள்:
உயிரோடு இருக்கும் ஒருவர்,
நீங்கள் அண்ணாந்து பார்க்கும் ஒருவர்,
ஒரு பக்கத்துக்கு மிகாமல்.
எனக்கு ஐம்பத்திரண்டு வயது.
பெஞ்சு முழங்காலை இடிக்கிறது.
டீச்சர் என் மகளைவிடச் சின்னவள்.
வெளியே கெய்யோன் துறைமுகத்தில் மழை,
வழக்கம்போலப் படுத்துக்கொண்டே பெய்கிறது.

அண்ணாந்து பார்ப்பதென்றால்
சதுக்கத்து வெண்கல அட்மிரலைப் பார்த்திருக்கிறேன்.
அவர் தொப்பியில் கடற்பறவை வந்து உட்காரும்,
தன் வேலையை முடித்துக்கொண்டு போகும்.
அவர் செத்து நூறு வருஷம். தேறமாட்டார்.
ஒரு கால்பந்துக்காரன் பெயரை எழுதி
பாதியில் அடித்தேன்.
அவன் இடது காலைத் தவிர
அவனைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

பிறகு கை தானாக எழுதியது என்று சொல்ல ஆசைதான்.
இல்லை. கை ரொம்ப நேரம் மறுத்தது.

ஒட்டிலியா பர்ரியா.
மட்டி மூட்டைகளுக்கு எடை போட்டவள்.

உங்களுக்கு அவளைப் பிடிக்காது.
சீட்டாட்டத்தில் கள்ளம் செய்வாள்,
பிடிபட்டால் சத்தம் போடுவாள்.
ஓர் இரும்பு அடுப்புக்காக
சொந்தத் தங்கையோடு பதினோரு வருஷம் பேச்சில்லை.
ஒரு எலுமிச்சை கொடுத்தால் இரண்டு கேட்பாள்.
இதையெல்லாம் முதலில் எழுதினேன்,
பக்கத்தில் முக்கால்வாசி போய்விட்டது.

ஒரு மார்ச் மாதக் காலை.
எதற்கென்று அவளுக்கே தெரியாது,
கடையிலிருந்து வாங்கிப்போன மாவு மூட்டையை
கம்பெனித் தராசில் வைத்தாள்.
ஐம்பது கிலோ என்று அச்சடித்த மூட்டை.
முள் நாற்பத்தெட்டில் நின்றது.
இறக்கினாள். ஏற்றினாள். நாற்பத்தெட்டு.

மேனேஜர் சிரித்தான்:
மூட்டைக்கு இரண்டு கிலோ,
கடல் திருப்பி எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளேன்.

அவள் வைத்துக்கொள்ளவில்லை.
நான்கு மாதக் கணக்கு நோட்டை
பிளாஸ்டிக் பையில் சுற்றி
மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு
நாற்பத்தொரு வீடு ஏறி இறங்கினாள்.
எல்லா வாசலிலும் ஒரே பேச்சு:
'என் கையால் போட்ட எடை. தப்பு.
உனக்கு வரவேண்டியது இவ்வளவு.'
மன்னிப்பு என்ற சொல்லைக்கூடச் செலவழிக்கவில்லை,
கஞ்சப் பிசினாரி.

ஒருத்தி மட்டி கழுவிய தண்ணீரை
அவள் மேல் கொட்டினாள்.
ஒருவன் கேட்டான், இதில் உன் பங்கு எவ்வளவு என்று.
அடுத்த வீடு.
அதற்கடுத்த வீடு.

வேலை போனது.
ஒன்பது நாள் படகுகள் கடலுக்குப் போகாமல் நின்றபின்
பாதிப் பணம் வந்தது.
மீதி இன்னும் வரவில்லை.

இதுவரை எழுதியதும் தாள் தீர்ந்தது.
எழுதாதது இது:

அந்த மூட்டைகளைத் தராசில் ஏற்றியவன் நான்.
பதினெட்டு வருஷம் சுமந்த தோள்;
ஐம்பது எது, நாற்பத்தெட்டு எது என்று
அதற்கு முள் சொல்ல வேண்டியதில்லை.
முதல் வாரமே தெரியும்.
அவளுக்குக் குத்தியது எனக்கும் குத்தியது.
நான் தோள் மாற்றிக்கொண்டேன்.

வெண்கலத்தை அண்ணாந்து பார்ப்பது எளிது,
அது குனிந்து நம்மைப் பார்ப்பதில்லை.
இவள் பார்ப்பாள்.
இவள் பஸ் நிலையத்துக்கு எதிரே
வாணலி வைத்து பூசணி ரொட்டி சுட்டு விற்கிறாள்.

தாளை வாங்கிய டீச்சர் கேட்டாள்:
இவர் நிஜமாகவே இருக்கிறாரா?
'இருக்கிறாள். நேற்று எனக்கு
இருபது பெசோ குறைத்துச் சில்லறை கொடுத்தாள்.'

எட்டு மணி. மழை.
கடையில் வேறு யாரும் இல்லை.
இரண்டு ரொட்டி கேட்டேன், காசை நீட்டினேன்,
நகரவில்லை.

'ஒட்டிலியா, அந்த மூட்டைகள்...'

'எண்ணெய் காய்கிறது,
சொல்லித் தொலை.'