தகுதி

புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பின்னால்
ஒரு முத்திரை, ஒரு மைப்பெட்டி, ஒரு கணினி:
இவ்வளவுதான் என் கந்தோர்.

நாலு வருடமாய்த் திரையின் வலது மூலையில்
சாம்பல் எழுத்து:
விண்டோஸைச் செயற்படுத்தவும்.
வாடகை கேட்டு வாசலில் நிற்பவருக்குப் போல
அதற்கும் காலையில் ஒரு தலையசைப்பு,
பிறகு வேலை.

போன மாதம் புதிய பதிப்பு வந்து
மேலும் கீழும் சோதித்துவிட்டு
'இந்தக் கணினி தகுதி பெறவில்லை' என்றது.
மேன்முறையீடு இல்லை.
எத்தனை பேரின் விசாவுக்காகப்
பிறப்பையும் மணத்தையும் பெயர்த்துக் கொடுத்த மேசை.
அந்த வசனத்தின் குரல் எனக்குத் தெரியும்.

யுனிட்டி பிளாசா முர்ஷித்
பென் டிரைவைச் செருகினான்.
"லினக்ஸ் போடுவம் அக்கா. சல்லி ஒண்டும் இல்ல."
சும்மா வருவதென்றால் எனக்குப் பயம்.
"அவங்களுக்கு இதில என்ன லாபம்?"
அவன் பிளேன்ரீயை ஊதிக்கொண்டிருந்தான்.

சி டிரைவைத் தேடினேன். சி இல்லை, டியும் இல்லை.
ஒரு சாய்கோடு, அதிலிருந்துதான் எல்லாமாம்.
கடவுச்சொல் அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை;
விசைப்பலகை செத்ததென்று மூன்று தரம் அடித்தேன்.
பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு ஆட்களாம்.
தமிழில் எழுதுகிறவளுக்கு
அந்தச் சாதி எதற்கு?

அச்சுப்பொறி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம்
கொட்டாஞ்சேனை மருதமுத்து வந்தார்.
பதினொரு வருடத்துக்கு முன் நான் பெயர்த்த
அவர் தாயின் மரணச் சான்றிதழ்,
இன்னொரு பிரதி வேண்டும்.
கோப்பைத் திறந்தேன்.
பாமினி எழுத்துரு இல்லாத திரையில்
பெயர் என்ற இடத்துக்கு நேரே
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்,
பிறகும் ஏதேதோ.

எட்டிப் பார்த்தார். "அழிஞ்சு போச்சா?"

விரல்களை விசைகளில் வைத்தேன், அழுத்தாமல்.
சுட்டுவிரல். நடுவிரல். சுண்டுவிரல்.
நடுவிரல். சுட்டுவிரல்.
வலது கை மட்டும் நகர்ந்து
அம்மா என்றது.
அம்மாக்கண்ணு.

"இல்லை. இருங்கோ."

யுனிகோடில் முதலிலிருந்து அடித்தேன்.
வயது எழுபத்தொன்று. காரணம்: மூச்சுத் திணறல்.
அடியில் வழக்கமான வரி:
இது மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு.
எது மூலம் என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அச்சுப்பொறி முனகி ஒரு தாளைத் தள்ளியது,
ஓரம் கொஞ்சம் சரிந்து.
முத்திரையின் மை காயும்வரை
அவர் அதை மின்விசிறிக்குக் கீழே
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.