ஏழு பல்புகள்

நான் பிறந்த வீட்டுக்குள் நுழைய
முதியோர் சலுகை உண்டா என்று கேட்டேன்.
பாதி விலை என்றாள்,
அடையாள அட்டையைப் பார்க்காமலே.
அது கொஞ்சம் சுட்டது.

செருப்புக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டி
திபிலிசியின் ஒயின் வியாபாரி
பருதாஷ்விலி இல்லத்தில்
பதினோரு பேர் சறுக்கிச் சறுக்கி நடக்கிறோம்.
தொண்ணூற்றாறில், அதாவது போன நூற்றாண்டுக்கும் முந்தியதில்,
அவர்கள் எப்படி வாழ்ந்தார்களோ
அப்படியே, என்கிறாள் வழிகாட்டி எலிசோ.

நீண்ட மேசை. பதினெட்டுத் தட்டுகள்.
மெழுகு மாதுளைகளில் ஒன்றை மட்டும்
பிளந்து வைத்திருக்கிறார்கள்,
பார்ப்பவருக்குப் பசியெடுக்க.
சரவிளக்குக்கு நேர் கீழேதான் எங்கள் கட்டில்.
திரைக்கு அந்தப்புறம் அப்பா இருமுவார்.

கடைசி வாரிசு பாரிசுக்குப் போனபின்
வீடு சிலகாலம்
பராமரிப்பின்றிக் கிடந்தது என்கிறாள்.
சிலகாலம் என்றால் எழுபது வருடம்.
பராமரிப்பின்மை என்றால் நாங்கள்:
ஏழு குடும்பம், இருபத்தாறு பேர்,
ஒரே சமையலறையில் ஏழு மண்ணெண்ணெய் அடுப்பு.
வாசல்மணி ஒருமுறை அடித்தால் ஹ்ராந்த்துக்கு,
இருமுறை சியாலாவுக்கு, மூன்று எங்களுக்கு.
ஐந்துக்கும் ஆறுக்கும் எண்ணிக்கை தவறி
வேறு கதவு திறந்த ஓர் இரவில்தான்
ஜும்பெர் ரோசாவை முதலில் பார்த்தான்.
மூன்று பிள்ளைகள் அவர்களுக்கு.

பதினோரு அடுக்கு வண்ணம் சுரண்டி
சுவரின் அசல் நிறத்தை மீட்டார்களாம்.
அதில் ஒன்று பச்சை.
டிராம் பணிமனையிலிருந்து
பால் தூக்கில் அம்மா கடத்திவந்தது.

கை தூக்கிச் சொல்லியிருக்கலாம்.
எலிசோ நல்ல பெண். பாவம்,
இன்னும் நான்கு அறைகள் மிச்சமிருந்தன அவளுக்கு.

கழிப்பறை எங்கே என்று கேட்டேன்.
நடையின் கோடியில். அது காட்சிக்கு அல்ல.

தாழிட்டு அண்ணாந்தேன்.
கூரையில் ஏழு பீங்கான் குமிழ்கள்.
சுரண்ட ஆளில்லாமல் விட்டிருக்கிறார்கள்.
குடும்பத்துக்கொரு பல்பு, ஒரு சுவிட்சு, ஒரு மீட்டர்.
அடுத்தவன் வெளிச்சத்தில் ஒன்றுக்குப் போவது திருட்டு.
அப்பா போனார், ஒரே ஒருமுறை.
ஹ்ராந்த் ஆறு மாதம் பேச்சை நிறுத்தினான்.

ஏழாம் மாதம் அப்பா செத்தார்.
ஹ்ராந்த் வந்தான். வாயே திறக்கவில்லை.
தன் மீட்டரிலிருந்து கம்பி இழுத்து
பெட்டியின் தலைமாட்டில் தன் பல்பை மாட்டினான்.
மூன்று இரவு எரிந்தது.
கணக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது
என் கை தானாகச் சுவிட்சை அணைத்தது.
அடுத்த தடுப்பின் இருட்டிலிருந்து
ஜெர்மன் மொழியில் ஒரு கூச்சல்.

மன்னியுங்கள் ஐயா, என்றேன் கதவைப் பார்த்து.
நம் இருவருக்கும் இப்போது
ஒரே விளக்கு என்பது
மறந்துபோய்விட்டது.